அஜைல் குழுவில் தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி?

வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் அஜைல் குழுவில் எல்லோரும் ஸ்க்ரம் மாஸ்டரின் (ஸ்க்ரம் என்ற அஜைல் முறையைப் பின்பற்றக் குழுவுக்கு உதவுபவர்) முகத்தையே பார்க்கிறார்கள், யாரும் முன்வந்து பொறுப்பேற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யார், எதை, எப்போது, எப்படிச் செய்வது என்பதைக் குழுவே தீர்மானிக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் வழிகாட்டி. ஆனால் 15 நிமிட தினசரிக் கூட்டம் மேலாளரிடம் கணக்கு ஒப்பிக்கும் சடங்காகிவிட்ட இடத்தில் அந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். எனவே, அக்கூட்டத்தை வழிநடத்தும் பொறுப்பை, புதிதாகச் சேர்ந்தவர் உட்பட, ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (சில வாரங்கள் நீளும் ஒரு வேலைச் சுற்று) ஒருவரிடம் ஒப்படையுங்கள். "பேமென்ட் பக்கத்துக்கான வேலை டிக்கெட் மூன்று நாளாக நகரவில்லையே, யார் கைகொடுக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது, விடை தெரிந்திருந்தாலும் மூத்தவர்கள் சற்று வாய்மூடி இருக்க வேண்டும் (இதுதான் எல்லாவற்றிலும் கடினம்). அவருடைய முடிவு தவறாகிப்போனால், ஸ்பிரிண்ட் இறுதியில் நடக்கும் ரெட்ரோ என்ற மீள்பார்வைக் கூட்டத்தில் காரணத்தை ஆராயுங்கள். கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பறிக்காதீர்கள்.