உண்மை மட்டும் போதாது

கேள்வி: அவதூறைக் குற்றமாக்கிய சட்டத்தை 2002 இலேயே நீக்கிவிட்டார்கள். இன்னும் எதற்குச் "சீர்திருத்தம், சீர்திருத்தம்" என்கிறீர்கள்? யாரைப் பற்றியும் எதையும் எழுத லைசென்ஸ் வேண்டுமா?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: லைசென்ஸ் வேண்டாம் ஐயா, மூச்சுவிட இடம் கிடைத்தால் போதும்.

2002 இல் இலங்கையில் நடந்தது நல்ல காரியம்தான். 1997 இல் ஜனாதிபதி சந்திரிகாவைப் பற்றிய ஒரு பத்திக்காக 'சண்டே டைம்ஸ்' ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்தப் பயம் தீர்ந்தது. ஆனால் பொய்யான கூற்றுக்குச் சிறை என்ற யோசனை, 2024 இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமாகக் கொல்லைப்புறத்தால் திரும்பி வந்துவிட்டதே, கவனித்தீர்களா?

சிறையை விடுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் வழக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு அடிப்படை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். அவர்கள் 1796 இல் கொழும்பைக் கைவிட்டார்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். (கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஹல்ஸ்டோர்ப் என்ற பெயரே அவர்களுடைய தளபதி ஒருவரின் பெயரால் வந்ததுதான்.) அந்தச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது, அதை வெளியிட்டதால் பொதுமக்களுக்கு நன்மை உண்டு என்றும் காட்ட வேண்டும். அதே சட்ட மரபில் வந்த தென்னாபிரிக்காவில், நியாயமான கவனத்தோடு வெளியிட்ட செய்தியில் தவறு இருந்தாலும் பத்திரிகைக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1998 இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். அதோடு, பதவியில் இருப்பவர் தன் பதவி வேலையைப் பற்றிய விமர்சனத்துக்குக் கோடிக் கணக்கில் கேட்க முடியாதபடி ஒரு வரம்பு.

எங்களுக்கும் ஒரு முறை சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தது. நான்கு பக்கம். செய்தியில் எந்த வரி பொய் என்று நான்கு பக்கத்திலும் இல்லை. தொகை மட்டும் இலக்கத்திலும் எழுத்திலுமாக இரண்டு தடவை இருந்தது. தவணை தவணையாகப் புதுக்கடைக்கு ஏறி இறங்க எங்களிடம் காசு இருக்கவில்லை. கட்டுரையின் இரண்டாம் பாகம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வழக்கே போடாமல் வென்றுவிட்டார்கள்.

உங்கள் குத்தலில் பாதி நியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவருடைய பெயரை முதல் பக்கத்தில் நாறடித்துவிட்டு, திருத்தத்தை ராசிபலனுக்குக் கீழே இரண்டு வரியில் போடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. இந்தப் பத்திரிகையிலும் நடந்திருக்கிறது, போட்டவன் நான்தான்.