எந்த வரியில் நின்றீர்கள்?

கேள்வி: ஐந்தாண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். இணையத்தில் ஓர் எழுத்துக் குழுவில் பகிரும்போதெல்லாம் ‘அருமை’, ‘தொடருங்கள்’ என்ற பின்னூட்டங்களே வருகின்றன. பத்திரிகைகளுக்கு அனுப்பினால் கதை திரும்பி வந்துவிடுகிறது. எனக்குத் தேவை நல்ல வழிகாட்டியா, வேறு குழுவா?

பதில்: குழுவை மாற்றுவதற்கு முன் கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘கதை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், நேரில் பழகாதவர்களுக்கு ‘அருமை’ என்பதைத் தவிர வேறு சொல்ல நா எழாது. ‘எந்த வரியில் வாசிப்பை நிறுத்தத் தோன்றியது?’, ‘பேசுபவர் யார் என்று எங்கே குழம்பினீர்கள்?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல இலக்கியப் புலமை வேண்டியதில்லை, ஊன்றி வாசித்திருந்தால் போதும். மூன்று பேர் ஒரே பத்தியைச் சுட்டினால் அங்கே பழுது இருக்கிறது என்றே கொள்ளலாம். அதைச் சரிசெய்ய அவர்கள் கூறும் யோசனைகளை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம், ஏனெனில் ஒவ்வொருவரும் தாம் எழுத விரும்பும் கதையையே உங்கள் கதைக்குள் தேடுவார்கள்.

கடைமாணாக்கருக்கு, அதாவது கடைத்தர மாணவருக்கு, நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்று நெய்யரி எனும் நெய் வடிகட்டி. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நாமும் புகழையும் வசையையும் பிடித்து வைத்துக்கொண்டு, இடையில் யாரோ ஒருவர் ‘இரண்டாம் பத்தியில் பகலா இரவா என்று தெரியவில்லை’ என எழுதியதை நழுவவிடுகிறோம்.

வழிகாட்டியின் வேலை வேறு. ‘கனத்த இதயத்துடன் கண்ணீர் மல்க விடைபெற்றார்’ என்று நான் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் அடித்த மூத்தவர் ஒருவர், ஓரத்தில் ‘அவர் போனபோது நீ பார்த்தது என்ன?’ என்று மட்டும் குறித்திருந்தார். இரண்டு நாள் எரிச்சலுடன் திரிந்த பிறகே, ‘செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்’ என்ற வரி கிடைத்தது. அவரே அதை எழுதித் தந்திருந்தால் அந்தக் கதை மட்டும் தேறியிருக்கும். அடுத்த கதையில் நான் மீண்டும் இதயத்தைக் கனக்க வைத்திருப்பேன்.

வழிகாட்டி என்றால் ஆண்டுக்கணக்கில் உடனிருப்பவர் என்றும் எண்ண வேண்டாம். 1886இல் மூத்த ரஷ்ய எழுத்தாளர் கிரிகோரோவிச், 26 வயதுச் சிறுகதையாளர் செகாவுக்குத் தாமாகவே கடிதம் எழுதி, அவசரமாக எழுதுவதை விட்டுவிடும்படி அறிவுறுத்தினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று செகாவ் பதிலில் ஒப்புக்கொண்டார். இத்தகைய கடிதம் எல்லோரையும் தேடி வராது. நீங்கள் மதிக்கும் எழுத்தாளருக்கு நாவலின் முழுப் பிரதியை அனுப்பாமல், உங்களை உறுத்தும் இரண்டு பக்கங்களையும் ஒரே ஒரு கேள்வியையும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். அவருக்கும் எழுதும் வேலை இருக்கிறது.

கேள்வி: குழுவில் பகிர்ந்த கதையைப் பின்னர் பத்திரிகைக்கு அனுப்பலாமா?

பதில்: எவரும் வாசிக்கக்கூடிய பக்கத்தில் வந்த படைப்பை, முன்பே வெளியானது என்று கருதி மறுக்கும் இதழ்கள் பல. உறுப்பினர் மட்டும் காணும் குழு என்றாலும், அந்தந்த இதழின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். பாதிக் கதையை மட்டும் பகிர்ந்து கருத்துக் கேட்பவர்களும் உண்டு. முடிவில் உள்ள பழுது எவர் கண்ணிலும் படாமல் போய்விடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.