கேட்டீங்க, சொல்றோம்: ஒகினாவா போகணும், எப்போ, எப்படி?

கேள்வி: மே மாசம் ஸ்கூல் லீவுல குடும்பத்தோட ஜப்பான்ல ஒகினாவா போலாம்னு இருக்கோம். பத்து நாள்ல நாஹா, கெராமா, இஷிகாகி, இரியோமோட்டே, யோனகுனி எல்லாம் முடிச்சிடலாமா?

பதில்: முடிச்சிடலாம், ஆனா பாதி நாள் ஏர்ப்போர்ட்லயும் படகுத்துறையிலயும் பெட்டியோட உக்காந்திருப்பீங்க. ஒகினாவான்னா ஒரே தீவு இல்லீங்க, நூத்தம்பதுக்கு மேல தீவுங்க, தலைநகரான நாஹாவுல இருந்து இஷிகாகி மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல, ஃப்ளைட்லதான் போகணும், யோனகுனி அதையும் தாண்டி தைவான் பக்கத்துல கெடக்கு. அதனால ஒரு தீவுக் கூட்டத்தை எடுத்துக்கோங்க. நாஹாவும் அதுக்குப் பக்கத்துல இருக்கற கெராமா தீவுகளும், இல்லன்னா இஷிகாகியில தங்கி டாக்கெடோமி, இரியோமோட்டே. காட்டுக்காகப் போறவங்களுக்கு ரெண்டாவதுதான் என் ஓட்டு. இரியோமோட்டேல சதுப்புநிலக் காட்டுக்குள்ள கயாக் ஓட்டிட்டுப் போலாம், 2021-ல யுனெஸ்கோ உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடம். அங்க மட்டுமே இருக்கற காட்டுப்பூனை மொத்தமே நூறு கிட்டதான், அதைப் பாப்போம்னு நம்பிப் போகாதீங்க, ஆனா ராத்திரி ரோட்டுல வண்டியை மெதுவா ஓட்டுங்க, அது அடிபட்டு சாகறதே வண்டியிலதான்.

மாசத்தைப் பத்தி சொல்லணும்னா, மே முதல் வாரம் ஜப்பான்காரங்களுக்கே தொடர் லீவு, ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் வெலை ஏறியிருக்கும். அது முடிஞ்ச கையோட மழை சீசன், ஜூன் மூணாவது நாலாவது வாரம் வரைக்கும் இழுக்கும். நாள் பூரா கொட்டாது, பயப்பட வேணாம். ஜூலைல இருந்து செப்டம்பர் வரை புயல்தான் பெரிய பிரச்சனை, வந்தா ஃபெர்ரி நிக்கும், ஃப்ளைட் நிக்கும், அதனால எப்பப் போனாலும் ஒரு நாளை சும்மா விட்டு வைங்க. லீவு கட்டாயம் இல்லன்னா அக்டோபர் அருமையான மாசம், தண்ணி இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது, ஆனா ஸ்கூபா டைவிங் பண்ண ஆசை. பையனுக்கு 9 வயசு, அவனும் வரலாமா?

பதில்: நீங்க பண்ணலாம், பையன் ஸ்நார்கெலிங்கோட (மூச்சுக்குழல் வச்சு தண்ணிக்கு மேலயே மெதந்து பாக்கறது) நிக்கட்டும், டைவிங்குக்குப் பெரும்பாலும் 10 வயசுலதான் கடல்ல விடுவாங்க. முதல் தடவைக்காரங்களை இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து கூட்டிட்டுப் போவாரு, 12 மீட்டருக்குக் கீழ எறக்க மாட்டாங்க. முன்னாடியே ஹெல்த் ஃபார்ம் ஒண்ணு தருவாங்க, ஆஸ்துமா, இதய நோய் எது இருந்தாலும் மறைக்காம எழுதுங்க, டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டா இங்கயே வாங்கிட்டுப் போறது நல்லது.

எல்லாரும் மாயெடா முனையில இருக்கற நீலக் குகையைச் சொல்வாங்க, அழகுதான், ஆனா கூட்டம், அலை ஜாஸ்தின்னா எறங்கவே விட மாட்டாங்க. நான் கெராமாவைத்தான் சொல்வேன், நாஹாவுல இருந்து வேகப் படகுல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், 2014-ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க, ஜமாமி தீவோட அமா கடற்கரையில ஆமைங்க கரைகிட்டயே மேயும், டைவிங்கே தேவையில்ல (தொடக்கூடாது, விரட்டவும் கூடாது). ஜனவரி - மார்ச்ல போனா கூனல் திமிங்கிலம் பாக்கலாம். மான்டா திருக்கை வேணும்னா இஷிகாகி. அங்க கபிரா விரிகுடாவுக்குள்ள நீந்தத் தடை, கண்ணாடி அடிப் படகுதான். யோனகுனியில குளிர்காலத்துல சுத்தியல்தலைச் சுறா கூட்டமா வரும், நீரோட்டம் பயங்கரம், அது அனுபவசாலிங்களுக்கு.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ரெண்டு மூணு டைவ் போட்டா அப்புறம் 18 மணி நேரமாவது கழிச்சுத்தான் ஃப்ளைட் ஏறணும், உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறாம மேல போனா குமிழாகி ஆபத்து. அதனால கடைசி நாள் டைவிங் வேணாம். அப்புறம் ஜூன்ல இருந்து அக்டோபர் வரை ஹாபுங்கற விஷ ஜெல்லி மீன் கரைகிட்ட வரும், வலை கட்டின இடத்துல மட்டும் குளிங்க, கொட்டினா தேய்க்காம வினிகர் ஊத்தணும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். சாப்பாடு?

பதில்: கஷ்டம்தான். அங்க பன்றிக்கறி இல்லாத சமையலே கம்மி. பேர்போன கோயா சம்புரு நம்ம பாகற்காய் பொரியல்தான், ஆனா டோஃபு, முட்டையோட கறியும் சேரும், குழம்பு சாஸ் எல்லாத்துலயும் மீன் சாறு இருக்கும். அடுப்பு வச்ச ரூம் எடுங்க, மார்க்கெட்ல காய்கறி நல்லா கிடைக்கும்.

கேள்வி: கடலைத் தவிர பாக்க என்ன இருக்கு?

பதில்: நெறைய. 1429-ல இருந்து 1879 வரை இது ரியூக்யூங்கற தனி ராஜ்ஜியம், சீனாவோடயும் தென்கிழக்கு ஆசியாவோடயும் வியாபாரம் பண்ணி வாழ்ந்தது, ஜப்பான் அப்புறமாத்தான் சேத்துக்கிச்சு. இன்னிக்கும் அவாமோரி சாராயத்துக்கு தாய்லாந்து அரிசிதான் போகுது பாருங்க. அந்த ராஜாக்களோட ஷுரி கோட்டை 2019 அக்டோபர் 31-ல எரிஞ்சு போச்சு, பிரதான மண்டபத்தை 2026-ஐ இலக்கா வச்சு மறுபடி கட்டினாங்க. எனக்கு அதை விடப் பிடிச்சது செஃபா உதாகி. கோபுரம் சிலை ஒண்ணும் கிடையாது, பாறையும் மரமும்தான், நம்ம ஊர் கோயில்காடு மாதிரி. பெண் பூசாரிகளோட இடம், ஒரு காலத்துல ஆம்பளைங்களை உள்ளயே விடல, சத்தம் போடாம போயிட்டு வாங்க. தெற்கு முனையில மபுனியில 1945 போர்ல செத்தவங்க பேரைக் கல்லுல பொறிச்சிருக்காங்க, அமெரிக்கப் படையாளுங்க பேரும் சேத்து 2,40,000-க்கு மேல. புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கார் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், அங்கயும் இடது பக்கம்தான். ஆர்டிஓவுல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கோங்க. நாஹாவுக்குள்ள மட்டும்னா மோனோரயிலே போதும். விசாவுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ணுங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கட்டாயம்.