தொழுவ வாசல் சகதியில் பைக்கை நிறுத்துவது எப்படி?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் புளியரை. தினமும் விடியக்காலையில் ஸ்பிளெண்டரில் இரண்டு பக்கமும் 20 லிட்டர் பால் கேன் கட்டி ஆரியங்காவு வரை போய் வருகிறேன். சாரல் ஆரம்பித்ததிலிருந்து தொழுவ வாசலில் வண்டி இரண்டு தடவை விழுந்துவிட்டது. முதல் தடவை சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தேன். மெயின் ஸ்டாண்ட் போடச் சொன்னார் மாமா. அதிலும் விழுந்து ஒரு கேன் பால் மண்ணோடு போயிற்று. சைடு ஸ்டாண்டில் தகடு வெல்டிங் வைத்தால் சரியாகுமா?

பதில்: தம்பி, இருட்டோடு எழுந்து கறந்த பால் கண் முன்னால் சகதியில் ஓடினால் மனசு எப்படி இருக்கும் என்று தெரியும். தகடு வைக்கலாம், பலன் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது.

ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது பெரும்பாரத்தை டயர்கள் தாங்கிக்கொள்ளும். ஸ்டாண்டுக்கு வருவது கொஞ்சம்தான் என்றாலும், அது முழுவதும் இரண்டு விரல் அகல நுனியில் இறங்குகிறது. ஈர மண் இடம் கொடுத்துவிடும். நுனி அரை அங்குலம் இறங்கினால் வண்டி இன்னும் சாயும். சாயச் சாய ஸ்டாண்டில் பாரம் கூடும். பாரம் கூடக் கூட இன்னும் இறங்கும். நிறுத்தும்போது நன்றாக நின்ற வண்டி, நீங்கள் கறந்துவிட்டு வருவதற்குள் படுத்துக்கிடப்பது இதனால்தான்.

மாமா சொன்னது சிமெண்ட் தரைக்குச் சரி. மெயின் ஸ்டாண்டில் பின் சக்கரம் தூக்கி நிற்கும். அப்போது வண்டியின் பெரும்பாரமும் பின்னால் தொங்குகிற கேன்களும் அந்த இரண்டு கால்களில்தான். தொழுவ வாசல் மண் ஒரே சீராக இருக்காது. மாட்டு மூத்திரமும் கழுவின தண்ணீரும் ஓடுகிற பக்கம் இளகிக் கிடக்கும், மற்ற பக்கம் கெட்டியாக இருக்கும். ஒரு கால் மட்டும் இறங்கினால் போதும், வண்டி போய்விடும்.

இப்போது தகடு. ஸ்டாண்ட் நுனி 3 செ.மீ.க்கு 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 9 சதுர செ.மீ. அதில் 6-க்கு 6 தகடு வைத்தால் 36. அதே பாரம் நாலு மடங்கு இடத்தில் பரவுகிறது. கனம் 3 மி.மீ. போதும். பட்டறையில் கைக்குக் கிடைத்த தடித்த பட்டையை வைக்க விடாதீர்கள். ஸ்டாண்ட் உயர்ந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், மாடு லேசாக உரசினாலே வலப்பக்கம் விழும். பற்ற வைத்த கையோடு ஸ்டாண்டை மடக்கி, மெயின் ஸ்டாண்டிலோ கியர் லிவரிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். புளியரை எஸ் வளைவில் இடப்பக்கம் சாய்க்கும்போது தகடு தரையில் உரசினால் ஆளுக்கே ஆபத்து. அதனால் இதைவிடப் பெரிய தகடு வேண்டாம்.

சகதிக்கு என் கை மருந்து ஒரு பலகைத் துண்டு. அரை அங்குல பிளைவுட், 15 செ.மீ.க்கு 15 செ.மீ. அது 225 சதுர செ.மீ., வெறும் நுனியைப்போல 25 மடங்கு. ஒரு மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை ஹேண்டிலில் மாட்டிவிடுங்கள். ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை மடக்கிய பிறகு கயிற்றைச் சுண்டினால் பலகை கைக்கு வந்துவிடும், குனிய வேண்டியதில்லை. பலகை இல்லாத நாளில் தென்னை மட்டையின் அகலமான அடித்துண்டு போதும், குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும். சிரட்டையும் ஓட்டுத் துண்டும் வேண்டாம், உடையும்.

கேன் இறக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. வலப்பக்கக் கேனை முதலில் எடுத்தால், இடப்பக்கக் கேனின் இழுப்பு முழுவதும் ஸ்டாண்டில் விழும். ஈர மண்ணில் வண்டி கவிழ அது ஒன்றே போதும். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கக் கேனை முதலில் இறக்குங்கள், அடுத்து உடனே வலப்பக்கம். ஏற்றும்போது முதலில் வலது, அப்புறம் இடது. வண்டி முதல் கியரிலேயே இருக்கட்டும், உருளாது.

இடம் பார்ப்பது சுலபம். ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் போட்டு ஒரு திருகு திருகுங்கள். குதிகால் பதிந்தால் ஸ்டாண்டும் பதியும். குழாய் புதைத்து மூடின இடத்தை மட்டும் இந்தச் சோதனையிலும் நம்பாதீர்கள். மேலே காய்ந்து இறுகியிருக்கும், அடியில் பொலபொலவென்று கிடக்கும். ராத்திரி நிறுத்துவதாக இருந்தால், சாயங்காலம் கெட்டியாக இருந்த மண் விடிவதற்குள் மழையில் களியாகிவிடும் என்பதை நினைத்துப் பலகையைப் போட்டுவிடுங்கள்.

மறுபடி விழுந்துவிட்டால் முதலில் சாவியை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்னாலேயே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்துகிற வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். முதுகை சீட்டுக்குக் கொடுத்து, கால் பலத்தில் பின்னோக்கித் தள்ளி எழுப்புங்கள். குனிந்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் வாடை போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.