வலுவான வண்டிக்கு மாறலாமா? வடசென்னை வாசகர்களுக்குப் பதில்கள்

மண்பாதையிலும் ஓடும், பழகிய ட்ரெயில் பைக்கைக் கொடுத்துவிட்டு அதைவிட வலுவான ஒன்றுக்கு மாறலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், அவரவர் எந்தச் சாலையில், எந்தச் சுமையோடு ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி இருக்கிறது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் வழியில் நின்றதே இல்லை. நண்பர்கள் இருவர் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வாங்கிவிட்டார்கள். தடா, நாகலாபுரம் பக்கம் போகும்போது நான் மட்டும் பின்தங்கிவிடுகிறேன். மாற்றிவிடலாமா? (திருவொற்றியூர்)

எந்த இடத்தில் பின்தங்குகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். மாதவரம் தாண்டி, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாகத் தடா செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில்தான் பின்தங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான்கும் அதற்கு மேலும் வழிகள் உள்ள அத்தகைய சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018இல் விதித்த உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உங்கள் வண்டி சிரமமின்றிப் போகும். லாரியை முந்தும்போது கைவசம் கொஞ்சம் இழுவை மிச்சமிருக்காது என்பது மட்டுமே அதன் குறை.

உங்கள் வண்டியின் திறன் சுமார் 19 குதிரைத்திறன், எடை சுமார் 159 கிலோ. நண்பர்களின் வண்டி 40 குதிரைத்திறன், 196 கிலோ. எண்களை மட்டும் பார்த்தால் இரட்டிப்புக்கும் மேல்தான். ஆனால் நெடுஞ்சாலையை விட்டுக் கீழே இறங்கி, மழையில் குழம்பிய செம்மண் வழியிலோ உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைக்கரையிலோ போகும்போது அந்தக் குதிரைகளில் பாதிக்கு மேல் லாயத்திலேயே நிற்கும். கூடுதலான 37 கிலோ மட்டும் உங்களோடு கூடவே வரும். ஒவ்வொரு சறுக்கலிலும் காலை ஊன்றி அந்த எடையைத் தாங்கவேண்டியவர் நீங்கள்தான்.

வரியும் இங்கே கணக்கில் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 350 சிசி என்பதே எல்லைக்கோடு: 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804 ரூபாய். டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட் என்று தேய்ந்துபோகும் ஒவ்வொரு பொருளுக்கும் இதே விகிதத்தில் இல்லாவிட்டாலும் கூடுதலாகவே செலவாகும்.

ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த பயணத்தில் நண்பரின் வண்டியை நெடுஞ்சாலையில் வாங்கி ஓட்டிப் பார்க்காதீர்கள். அங்கே அது உங்களை மயக்கிவிடும். மண்பாதை தொடங்கும் இடத்தில் மாற்றிக்கொண்டு, திரும்பும் இடம்வரை அதை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், இடைப்பட்ட வழியாக எக்ஸ்பல்ஸ் 210 இருக்கிறது: 24.6 குதிரைத்திறன், ஆறு கியர், எடை ஏறக்குறைய 170 கிலோ, வரியும் 18 சதவீதந்தான். மாறவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், முன் ஃபோர்க் எண்ணெயையும் சீலையும் மாற்றி, மண்ணைப் பற்றும் நல்ல பட்டன் டயர் போட்டு, மீதிப் பணத்தில் கோலார் அருகே சி.எஸ். சந்தோஷ் நடத்தும் பயிற்சிக் களம் போன்ற ஓரிடத்தில் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். டக்கார் ராலி என்ற நீண்டதூரப் பாலைவனப் பந்தயத்தை 2015இல் முடித்து, அதைச் செய்த முதல் இந்தியரானவர் அவர்.

பழவேற்காடு கடற்கரை மணலிலும் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அப்போது வண்டியை மணலில் இறக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் நான் இறக்குவதில்லை.

2018இல் வாங்கிய ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. விடுமுறையில் மனைவியோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஏலகிரி, ஏற்காடு என்று போய்வருவோம். 450க்கு மாறுவது வீண் செலவா? (எண்ணூர்)

வீண் செலவு இல்லை. உங்களுக்கு மாறச் சொல்வேன். 411இன் சுமார் 24 குதிரைத்திறன் தனியாள் நிதானமாகப் போவதற்குப் போதும். ஆனால் 190 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில் இருவரும் பைகளும் ஏறி மலைக் கொண்டையூசி வளைவுகளில் போகும்போது, அது எல்லா வேலையையும் தன் எல்லையிலேயே நின்று செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், எடைக்குத் திறன் என்ற விகிதத்தில் பார்த்தால் 411ம் மேலே சொன்ன எக்ஸ்பல்ஸ் 200ம் ஏறக்குறைய ஒன்றுதான். 450 வந்தபோதுதான் அந்த விகிதம் உண்மையாகவே மாறியது. காப்பீட்டிலும் உங்களுக்கு மாற்றமில்லை. 411 ஏற்கெனவே 350 சிசிக்கு மேற்பட்ட பிரிவில்தான் இருக்கிறது.

ஆனால் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். 411இன் முழு இழுவையும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் கிடைத்துவிடுகிறது. 450இல் அது 5,500இல்தான் உச்சத்தைத் தொடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஊர்ந்தே பழகிய கை, முதல் சில வாரங்களுக்குப் புது வண்டி இழுக்கவில்லை என்றே நினைக்கும். அது பழுது அல்ல. ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

இன்னொன்று, நம் பகுதியின் காற்று. ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் லாரி கிளப்பும் புழுதியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கையேட்டில் சொன்ன தூரத்துக்கு வெகு முன்பே மடிப்புகளுக்குள் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு ஏறியிருக்கும். 450 நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின் என்பதால் அந்தப் பூச்சு ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையிலும் படியும். அதை மெல்லிய நீர்த்தாரையால் மட்டுமே கழுவவேண்டும். அழுத்தத்தோடு பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும். சக்கரக் கம்பிகளின் நிப்பிள் முனைகளில் துரு தொடங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

ராயல் என்ஃபீல்டு 1950களிலிருந்தே திருவொற்றியூரில் வேரூன்றிய நிறுவனம் என்பதால், புல்லட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடிய மெக்கானிக்குகள் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் 411ஐ அவர்களிடம் நம்பிக் கொடுத்திருப்பீர்கள். 450இல் கோளாறு அறிய ஸ்கேனர் கருவி வேண்டும். எனவே உத்தரவாதக் காலம் முடியும்வரையாவது நிறுவன சர்வீஸுக்கே போகவேண்டும்.

நான் ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள பெண். பெரிய வண்டி ஓட்ட ஆசை. இருக்கையின் உயரத்தைப் பார்த்துத் தயங்குகிறேன். (பெரம்பூர்)

இருக்கை உயரத்தைவிட எடையைக் கண்டுதான் தயங்கவேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 4விக்கும் ஹிமாலயன் 450க்கும் இருக்கை உயரம் ஒன்றே, 825 மில்லிமீட்டர். இடுப்பைச் சற்று நகர்த்தி ஒரு காலை முழுமையாக ஊன்றிக்கொள்ளப் பழகிவிட்டால் அந்த உயரம் தடையாகாது. லோயரிங் லிங்க் போட்டு வண்டியைத் தாழ்த்தினால் கல் மேல் ஏறும்போது அடி தட்டும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தெரிந்தவரின் வண்டியைப் புல்தரையில் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, நீங்களே தூக்குங்கள். இடப்பக்கம் விழுந்திருந்தால் கியரில் போட்டு, வலப்பக்கம் என்றால் முதலில் சைடு ஸ்டாண்டையும் நீட்டிவிட்டு, ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுவதும் திருப்புங்கள். வண்டிக்கு முதுகு காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை அழுத்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். முதுகு வளையவே கூடாது, தொடைதான் தூக்கவேண்டும். துணையின்றி இருமுறை தூக்க முடிந்த வண்டியே உங்களுக்கு உரியது.

அப்பா ஓட்டிய ஹீரோ இம்பல்ஸ் வண்டியை நான் ஓட்டுகிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபிறகு இதை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா? (பழைய வண்ணாரப்பேட்டை)

உண்டு. 2011இல் வந்த அந்த வண்டியின் 149.2 சிசி எஞ்சின், ஹங்க், சிபிஸீ எக்ஸ்ட்ரீம் வண்டிகளின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே எஞ்சின் பாகங்களுக்கு அலையவேண்டியதில்லை. மட்கார்டு, டேங்க் மூடி போன்ற வெளிப்பாகங்களுக்குத்தான் புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடவேண்டும். இ20 கருதி, பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். சில வாரம் ஓட்டாமல் நிறுத்துவதென்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோல் பித்தளைத் துவாரங்களை அடைத்துவிடும். வலுவான வண்டி வேண்டுமானால் பணம் சேர்ந்ததும் இரண்டாவதாக வாங்கிக்கொள்ளுங்கள். இதை விற்றால் கிடைக்கும் தொகை, புது வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே ஆகும்.

பழைய கேடிஎம் 390 அட்வென்ச்சர் மலிவாக வருகிறது. என் 250ஐக் கொடுத்துவிட்டு வாங்கலாமா? (மாதவரம்)

மலிவுக்குக் காரணம் தெரிந்தபின் வாங்கலாம். 43 குதிரைத்திறன் உள்ள நல்ல எஞ்சின்தான். ஆனால் 2020இல் வந்த முதல் வண்டிகளில் அலாய் சக்கரம் என்பதால், குழியில் அடிபட்டு விளிம்பு வளைந்திருக்கிறதா என்று முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். அடுத்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தத் தெருவில் நின்ற வண்டி என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், இருக்கையைக் கழற்றி ஃப்யூஸ் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா, ஒயர் இணைப்புகளின் செம்பு பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மின்னணுப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். காப்பீட்டில் இழப்பீடு கோரிய வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டியை மாற்றாமல், சைலன்சரை மட்டும் மாற்றினால் பவர் கூடாதா? (வியாசர்பாடி)

சத்தம் கூடும், அபராதமும் வரும். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஓரிரு பல் கூட்டினால் உச்ச வேகம் சற்றுக் குறைந்து, மேட்டில் இழுவை கூடும். செலவும் சில நூறு ரூபாய்தான்.

பழைய வண்டியைத் தெரிந்தவருக்கே விற்கிறேன். பெயர் மாற்றத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். போதுமா? (இராயபுரம்)

போதாது. விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுக்கவேண்டும். கடன் முடிந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் சேர்த்து, ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை முதலில் நீக்கிவிடுங்கள். பெயர் மாறும்வரை சிக்னல் கேமராவில் விழும் அபராதமும், விபத்து நேர்ந்தால் வழக்கும் உங்கள் பெயருக்கே வரும் என்பதால், ஒப்புகைச் சீட்டு கையில் கிடைக்கும்வரை இரண்டாவது சாவியைக் கொடுக்காதீர்கள்.