ஆவுளியாவுக்கு யானை எப்படிச் சொந்தம்?

வணக்கம் அண்ணா,

முழங்காவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கூர்ப்பு (பரிணாமம்) பாடத்தில், எந்த உயிர் எதற்குச் சொந்தம் என்று காட்டும் ஒரு மரப்படம் வந்தது. அதில் யானையும் ஆவுளியாவும் (கடற்பசு) ஒரே கணுவில், அதாவது கிளை பிரியும் இடத்தில், சேர்கின்றன. ஓங்கில் (டொல்பின்) மாட்டோடு நிற்கிறது. அப்பா நாச்சிக்குடாவில் கடற்றொழில் செய்கிறவர். "ஆவுளியாவுக்கும் ஓங்கிலுக்கும் ஒரே துடுப்பு, ஒரே வால். இதற்குள் யானை எங்கே வந்தது?" என்று சிரிக்கிறார். டி.என்.ஏ.யை வைத்து வரைந்த மரம் என்று ரீச்சர் சொன்னா. எழுத்துகளில் இருந்து மரம் எப்படி வரும்? கிளைக்குப் பக்கத்தில் 98 என்று ஓர் இலக்கமும் இருந்தது. அது என்ன?

– ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பா சிரித்தது சரிதான். விலங்கியல் படித்தவர்களே நெடுங்காலம் உருவத்தைப் பார்த்துத்தான் குழம்பினார்கள். நீந்துகிற எதற்கும் துடுப்பும் வாலும் வேண்டும். இரண்டு வம்சங்கள் வெவ்வேறு காலத்தில் கடலில் இறங்கின, தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. ஆவுளியாவின் முலைக்காம்பு எங்கே என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். முன்துடுப்பின் கக்கத்தில் இருக்கும். யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். மாட்டுக்கும் ஓங்கிலுக்கும் பின்பக்கம். ஆனால் மனிதருக்கும் மார்பில்தானே? ஆகவே இது ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறையச் சாட்சிகள் வேண்டும்.

அந்தச் சாட்சிகள் மூலக்கூறுகளில் கிடைத்தன. 1960களின் தொடக்கத்தில் சுக்கர்கான்ட்லும் லைனஸ் பாலிங்கும் வெவ்வேறு விலங்குகளின் ஹீமோகுளோபினை ஒப்பிட்டார்கள். 1981இல் கண்வில்லையில் இருக்கும் ஒரு புரதத்தை ஒப்பிட்டபோது யானையும் கடற்பசு இனமும் ஒன்றாகச் சேர்ந்தன. பிறகு டி.என்.ஏ.யும் அதையே சொன்னது.

இனி மரம். நான் சும்மா கட்டிய கணக்கு இது, உண்மையான அளவு அல்ல. டி.என்.ஏ. என்பது A, T, G, C என்ற நான்கு எழுத்துகளின் நீண்ட வரிசை. நான்கு விலங்குகளிலும் ஒரே பரம்பரையலகில் (ஜீன்) 100 எழுத்துகளை நேருக்கு நேர் அடுக்குங்கள். யானைக்கும் ஆவுளியாவுக்கும் 8 இடங்களில் வித்தியாசம், மாட்டுக்கும் ஓங்கிலுக்கும் 9. யானை–மாடு 20, யானை–ஓங்கில் 22, ஆவுளியா–மாடு 21, ஆவுளியா–ஓங்கில் 21. ஆகக் குறைந்தது 8, அந்தச் சோடியை முதலில் கட்டுங்கள். அடுத்தது 9. மிச்சம் நான்கின் சராசரி 21, இரண்டு சோடிகளும் அங்கே சேரும். பேனையும் கடதாசியும் போதும், மரம் வந்துவிட்டது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஒரே இடத்தில் இரண்டு தரம் விகாரம் (எழுத்து மாறுவது) நடந்தால் எங்கள் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது. 1969இல் யூக்ஸும் கன்டரும் கொடுத்த சூத்திரத்தில் 21ஐப் போட்டால் ஏறக்குறைய 25 வரும். நான்கு மாற்றங்கள் எண்ணிக்கையில் மறைந்துபோயிருக்கின்றன. இரண்டாவது, மேலே செய்த முறை எல்லாக் கிளையிலும் மாற்றம் ஒரே வேகத்தில் நடக்கிறது என்று நம்புகிறது. அப்படி இல்லை. எலிகளின் வரிசை எங்களுடையதைவிட வேகமாக மாறும். அதனால்தான் 1987இல் சைட்டோவும் நெய்யும் சம வேகத்தை எதிர்பார்க்காத ஒரு முறையைத் தந்தார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

எந்த மூலக்கூறை எடுப்பது என்பதும் முக்கியம். சைற்றோகுரோம் சி புரதத்தில் மனிதருக்கும் சிம்பன்சிக்கும் 104 அமினோ அமிலங்களும் ஒன்றே. அதை வைத்து மனிதன், சிம்பன்சி, கொரில்லா மூன்றில் யார் யாருக்குக் கிட்டத்துச் சொந்தம் என்ற சண்டையைத் தீர்க்க முடியாது. மெதுவாக மாறும் மூலக்கூறு தூரத்துச் சொந்தத்துக்கு உதவும், வேகமாக மாறுவது கிட்டத்துச் சொந்தத்துக்கு. பக்டீரியா முதல் மனிதர் வரை ஒரே மரத்தில் வைக்க நினைத்த கார்ல் வூஸ், கலத்துக்குள் புரதம் கட்டும் றைபோசோமின் ஆர்.என்.ஏ.யை எடுத்தார். பக்டீரியா போலத் தெரியும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் தனிக்கூட்டம் என்று 1977இல் வெளிப்பட்டது அதில்தான்.

படத்தைப் பார்க்கும்போது நுனிகளின் வரிசையைப் பார்க்காதீர்கள். எந்தக் கணுவிலும் கிளைகளை இடம் வலமாக மாற்றிப் போடலாம், மரம் அதேதான். சோதனையில் பலர் இதில்தான் புள்ளியைக் கோட்டை விடுகிறார்கள். யானையில் இருந்து ஆவுளியா வரவில்லை. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு ஒரே பாட்டன் போல, இரண்டுக்கும் பொது மூதாதை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 98. அடுக்கிய எழுத்து நிரல்களில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, திரும்பப் போட்டு, மறுபடி எடுத்து, அதே நீளத்துக்குப் புதிய அடுக்கு ஒன்று செய்வார்கள். அதில் ஒரு மரம் வரைவார்கள். இதை 1000 தரம் கணினி செய்யும். 980 மரங்களில் அந்தச் சோடி சேர்ந்து வந்தால் 98 என்று போடுவார்கள். ஃபெல்சென்ஸ்டைன் 1985இல் சொன்ன வழி இது. '98 வீதம் உண்மை' என்று எழுதிவிடாதீர்கள். முறை பிழையென்றால் பிழையான கிளைக்கும் 100 விழும்.

செய்து பார்க்க ஆசையென்றால் 'மெகா' என்ற மென்பொருள் இலவசம், வரிசைகள் ஜென்பாங்க் தளத்தில் கிடைக்கும். நான்கு விலங்குகளின் சைற்றோகுரோம் பி என்ற பரம்பரையலகை எடுங்கள், கூடக் கோழியையும் சேருங்கள். வெளியாள் ஒன்று இருந்தால்தான் வேர் எங்கே என்று தெரியும். ஒரேயொரு பரம்பரையலகு என்பதால் இலக்கம் 98ஐ விடக் குறையலாம், பயப்பட வேண்டாம். வந்ததை எனக்கு எழுதுங்கள்.