கியூஎமுவில் ஓடும் பூட்லோடர் பென்டிரைவில் ஓடாதது ஏன்?
உங்கள் 512 பைட் பூட் செக்டார் (வட்டிலிருந்து முதலில் ஏற்றப்படும் பூட்லோடர் பகுதி), கணினியைப் பாவனை செய்யும் மென்பொருளான கியூஎமுவில் ஓடுகிறது, பென்டிரைவில் போட்டால் ஓர் எழுத்துகூட வரவில்லை என்கிறீர்கள். முதல் பைட்டிலிருந்தே உங்கள் நிரல் தொடங்குகிறது. என் சந்தேகம் அங்கேதான். யூஎஸ்பியிலிருந்து ஏற்றும் சில பயாஸ்கள் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) அங்கே ஃபேட் கோப்பு முறைமை உள்ள வட்டின் விவரப் பட்டியல் இருப்பதாக எண்ணி, நினைவகத்தில் உங்கள் கட்டளைகள் மேலேயே எழுதிவிடும். முதல் 3 பைட்டில் ஷார்ட் ஜம்ப்பும் (அருகில் தாவும் கட்டளை) நாப்பும் (எதுவும் செய்யாத கட்டளை) வைத்து, அடுத்த 87 பைட்டைப் பூஜ்யமாக விட்டு, அதன்பின் நிரலைத் தொடங்குங்கள்.

டிஎஸ், இஎஸ், எஸ்எஸ் என்ற மூன்று செக்மென்ட் ரிஜிஸ்டர்களையும் நீங்களே பூஜ்யமாக்குங்கள். ஸ்டாக்கின் முகவரியை வைத்திருக்கும் எஸ்பிக்கு ஹெக்ஸ் 7சி00 கொடுங்கள். சில பயாஸ் 0000:7சி00 என்பதற்குப் பதில் 07சி0:0000 என்று தாவும், எனவே ஃபார் ஜம்ப் (செக்மென்ட்டையும் மாற்றும் தாவல்) போட்டு, நிரலின் செக்மென்ட்டான சிஎஸ்ஸையும் பூஜ்யமாக்குங்கள். பயாஸ் டிஎல் ரிஜிஸ்டரில் தரும் டிரைவ் எண்ணைச் சேமித்து அதையே பயன்படுத்துங்கள்.

சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறையில் தொடங்க உதவும் வசதி) இல்லாத, பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினி என்றால் இந்த செக்டார் ஓடவே ஓடாது. அதை முதலில் பாருங்கள்.